கேமுக்குச் சொந்த மாடல் செய்ய எந்த மென்பொருளில் தொடங்குவது?

கேள்வி இதுதான்: பிளஸ் டூ முடித்தவர், 3டியை இதுவரை தொட்டதில்லை. முதலில் மைன்கிராஃப்டுக்குச் சொந்தமாகப் பொருட்கள் செய்ய வேண்டும், பிறகு கோடோ எஞ்சினில் (கேம் உருவாக்கும் மென்பொருள்) ஒரு சின்ன கேம். அதில் மரப்பெட்டி, குத்துவிளக்கு, திண்ணை வைத்த வீடு எல்லாம் வரும். லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பிளெண்டர் கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எளிதான மென்பொருள் எது?

நேரடியான பதில்: மைன்கிராஃப்டுக்கு பிளாக்பெஞ்ச் (பெட்டிகளை அடுக்கி மாடல் கட்டும் மென்பொருள்), கோடோவுக்கு பிளெண்டர் (எல்லா வகை 3டி வேலைக்குமான மென்பொருள்). இரண்டும் இலவசம், உங்கள் லேப்டாப்பில் இரண்டும் ஓடும். ஆனால் ஏன் இரண்டு, ஏன் இந்த வரிசை என்று புரியாமல் தொடங்கினால் இரண்டாவது வாரத்திலேயே சலித்துவிடும்.

மாடல் செய்யும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் "எது கற்க எளிது" என்றுதான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, அந்த கேம் எந்தக் கோப்பை ஏற்கும் என்பது. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் பொருட்களும் கட்டைகளும் ஜேசன் என்ற எழுத்துக் கோப்பில் எழுதப்பட்ட பெட்டிகளின் தொகுப்பு, அவ்வளவே. பிளெண்டரில் எவ்வளவு அழகாக ஒரு வாளைச் செதுக்கினாலும் மாட் (கேமை மாற்றும் கூடுதல் நிரல்) எதுவும் இல்லாத மைன்கிராஃப்டுக்குள் அது நுழையாது. ராப்லாக்ஸ் அப்படியல்ல. அது எஃப்பிஎக்ஸ், ஓபிஜே, ஜிஎல்டிஎஃப் கோப்புகளில் உள்ள மெஷ்களை (முக்கோணங்களால் ஆன வடிவங்களை) ஏற்கும். ஆனால் ஒரு மெஷ்ஷில் 20,000 முக்கோணத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அவதார் அணியும் தொப்பி போன்ற பொருளானால் 4,000. யூரோ டிரக் சிமுலேட்டர் 2-க்கு அதை உருவாக்கிய எஸ்சிஎஸ் நிறுவனமே பிளெண்டருக்கான கருவித் தொகுப்பு வெளியிட்டிருக்கிறது. அந்த கேமுக்கு வேறு மென்பொருளைத் தேடுவதே வீண்.

சிலருக்கு 3டி மென்பொருளே தேவைப்படாது. பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாவில் நம் அரசுப் பேருந்தின் வண்ணத்தைக் கொண்டுவர விரும்புகிறவர்கள் பலர் பிளெண்டர் பாடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது லிவரி, அதாவது வண்டியின் மேல் ஒட்டும் வண்ணப் படம் மட்டும். அது ஒரு பிஎன்ஜி படம். வண்டிக்குரிய டெம்ப்ளேட்டை (வெற்று மாதிரிப் படத்தை) கிம்ப் என்ற பட மென்பொருளிலோ போனில் உள்ள ஓவிய ஆப்பிலோ திறந்து, லேயர் போட்டு வரைந்தால் போதும். வண்டியின் வடிவமே மாற வேண்டும் என்றால்தான் மாடலிங் பக்கம் வர வேண்டும்.

இனி பிளாக்பெஞ்ச். இதை உலாவியிலேயே திறக்கலாம், கணினியில் நிறுவியும் வைக்கலாம். மென்பொருள் நிறுவ அனுமதியில்லாத கல்லூரி ஆய்வகக் கணினியிலும் உலாவிப் பதிப்பு வேலை செய்யும். திறந்ததும் எந்த வகை மாடல் என்று கேட்கும். இந்த ஒரு கேள்விக்குத் தவறான பதில் கொடுத்துவிட்டுத்தான் பெரும்பாலானோர் கடைசியில் தடுமாறுகிறார்கள். ஜாவா பதிப்பின் பொருளுக்கு "ஜாவா பிளாக்/ஐட்டம்", பெட்ராக் பதிப்பின் விலங்குக்கு "பெட்ராக் என்டிட்டி", கோடோ போன்ற வேறு எஞ்சினுக்கு "ஜெனெரிக் மாடல்". பின்னால் வகை மாற்றலாம்தான், ஆனால் மாற்றும்போது சுழற்சிகளும் டெக்ஸ்சர் (மாடலின் மேல் ஒட்டும் படம்) அமைப்பும் குலையும்.

ஜாவா வகையில் சில எல்லைகள் உண்டு. ஒரு கட்டை 16 அலகு. மாடலின் எந்தப் பெட்டியும் மூன்று அச்சிலும் -16 முதல் 32 வரைக்குள்ளேயே இருக்க வேண்டும். பல ஆண்டுகளாக இருந்த விதிப்படி ஒரு பெட்டியை ஒரே அச்சில், 22.5 டிகிரிப் படிகளில், 45 டிகிரி வரைதான் சாய்க்கலாம். அண்மைப் பதிப்புகளில் இது தளர்ந்திருக்கிறது. ஆனால் பழைய பதிப்பில் விளையாடும் நண்பருக்கும் தருவதென்றால் 22.5-லேயே நில்லுங்கள். டெக்ஸ்சரை 16-க்கு 16 பிக்சலில் தொடங்குங்கள். 512 பிக்சலில் ஒரு பெட்டியை வரைந்து, சுற்றிலும் 16 பிக்சல் உலகம் இருக்கும்போது அந்தப் பெட்டி மட்டும் வேறு கேமிலிருந்து வந்ததுபோல் துருத்திக்கொண்டு நிற்கும்.

வடிவம் முடிந்ததும் "டிஸ்ப்ளே" பகுதிக்குப் போங்கள். கையில் பிடிக்கும்போது, தரையில் கிடக்கும்போது, சட்டத்தில் மாட்டும்போது எப்படித் தெரிய வேண்டும் என்று இங்கேதான் அமைக்க வேண்டும். இதைத் தொடாமல் விட்டால் வாள் கையில் குறுக்காக நிற்கும், மாடலே தவறு என்று நினைத்து மணிக்கணக்கில் வடிவத்தைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

பெட்ராக் விலங்குகளில் வேறொரு பொறி இருக்கிறது. அங்கே "பாக்ஸ் யூவி" (பெட்டியை விரித்துப் படத்தில் இடம் ஒதுக்கும்) முறையில் பெட்டியின் நீள அகலம் முழு எண்ணாக இருக்க வேண்டும். 0.5 அலகு தடிமனில் காது வைத்தால் அதன் ஓரப் பக்கத்துக்கு டெக்ஸ்சரில் இடமே ஒதுக்கப்படாது, கேமில் அந்தப் பக்கம் காணாமல் போகும். காதை 1 அலகாகச் செய்துவிட்டு "இன்ஃப்ளேட்" (ஊதல்) மதிப்பை மைனஸில் கொடுத்து மெலிதாக்குங்கள், டெக்ஸ்சர் கெடாது.

ரிசோர்ஸ் பேக்கில் (மைன்கிராஃப்டுக்கு நம் படங்களையும் மாடல்களையும் தரும் தொகுப்பு) போட்ட பிறகு பொருள் கருப்பும் ஊதாவுமான சதுரங்களாகத் தெரிந்தால் வடிவத்தில் தவறில்லை, கேமுக்கு மாடல் கோப்போ படமோ கிடைக்கவில்லை என்று அர்த்தம். வடிவம் சரியாக இருந்து மேல்தோல் மட்டும் அப்படி இருந்தால் டெக்ஸ்சர் பாதை தவறு. முழுக் கனசதுரமாக மாறியிருந்தால் மாடல் பாதை தவறு. பழைய வீடியோ பார்த்துச் செய்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: 2024 டிசம்பரில் வந்த 1.21.4 பதிப்பிலிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் ஐட்டம்ஸ் அடைவில் தனி வரையறைக் கோப்பு வேண்டும். அதற்கு முந்தைய பாடங்கள் மாடல் கோப்புக்குள்ளேயே "ஓவர்ரைட்ஸ்" எழுதச் சொல்லும். அது இப்போது செல்லாது. பாடத்தைப் பார்க்கும் முன் அது எந்தப் பதிப்புக்கு என்று பாருங்கள்.

அடுத்து பிளெண்டர். "கஷ்டம்" என்ற பேச்சில் பாதி பழைய கதை. 2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்புக்கு முன் பிளெண்டரில் வலது பொத்தானால் தேர்வு செய்ய வேண்டும், திரை முழுக்கச் சின்னச் சின்னப் பொத்தான்கள். அது எல்லாமே மாறிவிட்டது. மறுபாதி, கற்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கற்கப் பார்ப்பதால் வருவது. பிளெண்டரில் திரைப்படம் எடுக்கலாம், புகை வரவழைக்கலாம், துணி பறக்க விடலாம். கேம் பொருளுக்கு அவை எதுவும் வேண்டாம். ஸ்கல்ப்ட், ஜியாமெட்ரி நோட்ஸ், சைக்கிள்ஸ் ரெண்டர், ஃபிசிக்ஸ் நான்கையும் முதல் மூன்று மாதம் திறக்கவே வேண்டாம். நகர்த்த ஜி, சுழற்ற ஆர், அளவு மாற்ற எஸ், திருத்தும் நிலைக்கு டேப், இழுத்து நீட்ட இ, உள்ளே ஒரு சட்டம் போட ஐ, நடுவில் வெட்டுக் கோடு போட கண்ட்ரோல்+ஆர், ஓரம் மழுக்க கண்ட்ரோல்+பி, புள்ளிகளை ஒட்ட எம், யூவி விரிக்க (மேற்பரப்பைப் படத்தில் தட்டையாகப் பரப்ப) யூ. இந்தப் பத்து விசைகளிலேயே ஒரு தெருவைக் கட்டிவிடலாம்.

இலவசம் என்பதால் ஒருநாள் காசு கேட்பார்களோ என்ற பயமும் வேண்டாம். நெதர்லாந்தின் டான் ரோசண்டால் உருவாக்கிய இந்த மென்பொருளை, அதை வைத்திருந்த நிறுவனம் மூடியபோது, 2002-ல் பயனர்களே ஏழு வாரத்தில் 1 லட்சம் யூரோ திரட்டி மீட்டார்கள். அன்றிலிருந்து அது ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் இருக்கிறது. அந்த உரிமம் மென்பொருளுக்குத்தான். நீங்கள் செய்யும் மாடல் உங்களுடையது, விற்கலாம்.

உங்கள் லேப்டாப் விஷயம்: பிளெண்டர் 4.0 முதல் ஓப்பன்ஜிஎல் (கிராஃபிக்ஸ் சிப் தரும் வரைகலை வசதி) 4.3 தேவை. இன்டெல் எச்டி 4000 மாதிரியான பழைய உள்ளமை கிராஃபிக்ஸ் விண்டோஸில் 4.0 வரைதான் தரும், அதில் புதிய பிளெண்டர் திறக்காது. அப்படிப்பட்ட கணினியானால் 3.6 எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவோடு வெளியான) பதிப்பை இறக்குங்கள், அதற்கு 3.3 போதும். இங்கே சொல்லும் வேலைகளுக்கு 3.6-ல் குறை ஒன்றும் இல்லை. நடுச் சக்கரம் அழுத்தக்கூடிய மௌஸ் கட்டாயம் வாங்குங்கள். டச்பேடில் பிளெண்டர் கற்பது கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகுவது போல. எண் பலகை இல்லாத லேப்டாப்பானால் பிரிஃபரன்சஸ், இன்புட் பகுதியில் "எமுலேட் நம்பேட்" போட்டுக்கொள்ளுங்கள். மேலிருக்கும் 1, 3, 7 விசைகள் முன், பக்க, மேல் பார்வைகளைத் தரும்.

இப்போது குத்துவிளக்கு. இதை ஏன் எடுக்கிறேன் என்றால், மென்பொருள் தேர்வு எங்கே பிரிகிறது என்பதை இது தெளிவாகக் காட்டும். மரப்பெட்டி, பெஞ்சு, வீடு எல்லாம் பிளாக்பெஞ்சிலேயே செய்து ஜிஎல்டிஎஃப்-ஆக கோடோவுக்கு அனுப்பலாம். குத்துவிளக்கு கடைசல் வேலை. பெட்டிகளை அடுக்கி அந்த உருட்சியைக் கொண்டுவர முடியாது. பிளெண்டரில் அதன் பாதி ஓரக் கோட்டை மட்டும் முன் பார்வையில், பீடத்திலிருந்து உச்சி வரை 25 புள்ளிகளில் வரைந்து, "ஸ்க்ரூ" மாடிஃபையர் (வடிவத்தைத் தானாக மாற்றும் கருவி) போட்டால் கோடு முழுச் சுற்றுச் சுற்றி விளக்காகும்.

அதில் "ஸ்டெப்ஸ்" 16 என்று இருக்கும். அதை 20 ஆக்குங்கள். ஐந்து முக விளக்குக்கு 16-ஐ ஐந்தால் வகுக்க முடியாது, முகங்கள் சமமாக அமையாது. 15 அல்லது 20 வைத்தால் அமையும். "ரெண்டர்" என்ற பெயரில் தனியாக இன்னொரு எண் இருக்கும், அதையும் 20 ஆக்குங்கள். "மெர்ஜ்" பெட்டியையும் டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் சுற்று முடியும் இடத்தில் ஒட்டாத கோடு ஒன்று நிற்கும். கணக்குப் பாருங்கள்: 25 புள்ளிக்கு நடுவே 24 கோடு, 20 படி, 480 நாற்கரம், ஏறக்குறைய 960 முக்கோணம். அறையில் ஓரிரண்டு விளக்குக்கு இது நல்ல அளவு. கோயில் பிரகாரத்தில் நூறு வைப்பதென்றால் தூரத்தில் தெரிபவற்றுக்கு 10 படியில் இன்னொரு பிரதி செய்துகொள்ளுங்கள்.

மாடிஃபையரை அப்ளை செய்த பின், அகலின் விளிம்பு வளையத்தை ஆல்ட்+கிளிக்கில் தேர்ந்து, செலக்ட் மெனுவில் "செக்கர் டிசெலக்ட்" கொடுங்கள். தேர்வு 1, விடுவது 3. இருபதில் ஐந்து புள்ளி மட்டும் மிஞ்சும். எஸ், ஷிஃப்ட்+இசட், 1.3 என்று தட்டினால் ஐந்தும் உயரம் மாறாமல் வெளியே நீண்டு திரி வைக்கும் மூக்குகளாகும். பிறகு ஷேட் ஆட்டோ ஸ்மூத் (வளைவை வழவழப்பாகக் காட்டுவது), 30 டிகிரி. பழைய பாடங்கள் ஆட்டோ ஸ்மூத்தை மெஷ்ஷின் பண்புப் பலகையில் தேடச் சொல்லும். 4.1 பதிப்பிலிருந்து அது அங்கே இல்லை, வலது கிளிக் மெனுவில் இருக்கிறது.

இந்த விளக்குக்கு டெக்ஸ்சர் வரையவே வேண்டாம். பித்தளை நிறம், மெட்டாலிக் (உலோகத் தன்மை) 1, ரஃப்னெஸ் (சொரசொரப்பு) 0.35 சுற்றி, அவ்வளவுதான். கோடோவில் போட்டதும் விளக்கு கரிபோலத் தெரிந்தால் பதறாதீர்கள். உலோகம் தன் நிறத்தைப் பிரதிபலிப்பில்தான் காட்டும். காட்சியில் வானமோ சூழலோ இல்லையென்றால் பிரதிபலிக்க ஒன்றுமில்லை. வேர்ல்டு என்விரான்மென்ட் ஒன்றைச் சேர்த்து அதில் வானம் வையுங்கள், பித்தளை மின்னும்.

பிளெண்டரிலிருந்து கேமுக்குப் போகும் வழியில்தான் பாதி வேலை கெடுகிறது. அதனால் இதில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலாவது, அளவு. பொருள் நிலையில் எஸ் அழுத்திப் பெரிதாக்கினால் மெஷ் மாறுவதில்லை, "இதை 3.7 மடங்காகக் காட்டு" என்ற குறிப்பு மட்டும் ஒட்டிக்கொள்கிறது. ஓர் அச்சில் மட்டும் இப்படி நீட்டியிருந்தால் ஓரம் மழுக்கும்போது ஒருபக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வரும், அந்தக் குறிப்போடு அனுப்பினால் மோதல் வடிவங்களும் எலும்புகளும் (உருவத்தை அசைக்கும் உள்சட்டம்) தப்பும். எக்ஸ்போர்ட்டுக்கு முன் கண்ட்ரோல்+ஏ அழுத்தி "ரொட்டேஷன் & ஸ்கேல்" கொடுங்கள். பிளெண்டரின் ஓர் அலகு ஒரு மீட்டர், கோடோவிலும் யூனிட்டி என்ற எஞ்சினிலும் அப்படியே. அன்ரியல் எஞ்சினில் ஓர் அலகு ஒரு சென்டிமீட்டர்.

இரண்டாவது, முகங்கள் திரும்பியிருப்பது. பிளெண்டர் இருபக்கமும் காட்டும், கேம் எஞ்சின் வெளிப்பக்கத்தை மட்டும் காட்டும். சுவர் ஓட்டையாகத் தெரிவது இதனால்தான். பிளெண்டரின் ஓவர்லே மெனுவில் "ஃபேஸ் ஓரியன்டேஷன்" போடுங்கள். வெளியே நீலம் சரி, சிவப்பு தெரிந்தால் எல்லாவற்றையும் தேர்ந்து ஷிஃப்ட்+என். (4.x பதிப்புகளில் இயல்பாக நீலம் காட்டாமல் சிவப்பை மட்டும் காட்டலாம், பொருள் ஒன்றுதான்.)

மூன்றாவதுதான் புதியவர்களை மிகவும் நோகடிப்பது. பிளெண்டரின் நோட்ஸ் (நிறத்தைக் கணக்கிடும் இணைப்புப் பெட்டிகள்) கொண்டு, நாய்ஸ் டெக்ஸ்சர், கலர் ராம்ப் எல்லாம் இணைத்து அருமையான மரவேலைப்பாடு செய்வார்கள். எக்ஸ்போர்ட் செய்தால் வெறும் வெள்ளை. அந்த நோட்ஸ் பிளெண்டருக்கு மட்டுமே புரிகிற கணக்கு. கேமுக்குப் போவது பிரின்சிபிள்ட் பிஎஸ்டிஎஃப் என்ற அடிப்படை மெட்டீரியல் பெட்டியில் நேராகச் செருகிய படங்களும் எண்களும்தான். அந்த மரம்தான் வேண்டுமென்றால் அதைப் படமாக "பேக்" செய்ய வேண்டும். தொடக்கத்தில் நோட்ஸ் பக்கம் போகாமல் கிரிட்டாவிலோ கிம்ப்பிலோ வரைந்த பிஎன்ஜி-யை ஒட்டுங்கள். படம் 512 அல்லது 1024 பிக்சல். சுருக்காத நிலையில் 1024 படம் 4 எம்பி, 2048 படம் 16 எம்பி. எல்லாப் பொருளுக்கும் 2048 போட்டால் உங்கள் லேப்டாப்பே முதலில் திணறும்.

நான்காவது, மையப்புள்ளி. கதவின் மையப்புள்ளி கீலில் இருக்க வேண்டும், வாளுக்குப் பிடியில், விளக்குக்கும் பெட்டிக்கும் அடியில் நடுவே. நடுவயிற்றில் விட்டால் பெட்டி பாதி தரைக்குள் புதையும், கதவு காற்றாடிபோலச் சுற்றும்.

"மொழுமொழுவென்று வரட்டும்" என்று சப்டிவிஷன் (முகங்களை மேலும் பிரிப்பது) போடுவதும் ஒரு பொறி. ஒவ்வொரு நிலைக்கும் முகங்கள் நான்கு மடங்கு. மேலே சொன்ன 960 முக்கோண விளக்கு இரண்டு நிலையில் 15,000-ஐத் தாண்டும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஓவர்லேயில் "ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" எப்போதும் போட்டு வைத்து முக்கோண எண்ணிக்கையைப் பார்த்தபடியே வேலை செய்யுங்கள்.

கோப்பு வகைக்கு ஜிஎல்பி (ஜிஎல்டிஎஃப்-இன் ஒற்றைக் கோப்பு வடிவம்) எடுங்கள். ஒரே கோப்பில் மெஷ், படம், எலும்பு, அசைவு எல்லாம் அடங்கும், பிளெண்டரில் மேல்நோக்கி நிற்கும் இசட் அச்சை கோடோவின் ஒய் அச்சுக்கு அதுவே திருப்பிவிடும். ஓபிஜே-யில் எலும்பும் அசைவும் போகாது. யூனிட்டிக்கு எஃப்பிஎக்ஸ் வழக்கம். அங்கே மாடல் -90 டிகிரி சாய்ந்தும் அளவு 100 என்றும் வந்தால், பிளெண்டர் எக்ஸ்போர்ட்டில் "அப்ளை ஸ்கேலிங்ஸ்" இடத்தில் "எஃப்பிஎக்ஸ் ஆல்" என்றும், யூனிட்டியின் மாடல் இம்போர்ட்டில் "பேக் ஆக்சிஸ் கன்வர்ஷன்" என்றும் மாற்றுங்கள். நார்மல் மேப் (மேடு பள்ளம் காட்டும் படம்) அன்ரியலில் குழியும் மேடும் மாறித் தெரிந்தால் பச்சைச் சேனலைத் தலைகீழாக்குங்கள். பிளெண்டரும் கோடோவும் யூனிட்டியும் ஒரு வழக்கம், அன்ரியல் வேறு வழக்கம்.

மற்ற மென்பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக. மேஜிக்காவாக்சல் இலவசம், சின்னக் கனசதுரங்களால் கட்டுவது, ஒரு பிற்பகலில் பழகிவிடலாம். அது ஓபிஜே-யோடு 256-க்கு 1 பிக்சல் வண்ணப் படம் ஒன்றைத் தரும். எஞ்சினில் அந்தப் படத்துக்கு "நியரெஸ்ட்" ஃபில்டர் வைக்காவிட்டால் பக்கத்து நிறங்கள் கசியும். டிங்கர்கேட் 3டி பிரிண்டுக்கு நல்லது, கேமுக்கு வேண்டாம். வடிவங்களை வெட்டி ஒட்டும்போது தாறுமாறான முக்கோணங்களை உண்டாக்கும், யூவி-யைக் கையாள வழியில்லை. மாயா, 3டிஎஸ் மேக்ஸ் ஸ்டுடியோ வேலைக்குப் போகும்போது கற்கலாம். அவற்றை வெளியிடும் ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு இலவச உரிமம் தருகிறது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் மாடல்களைத் தொடக்கத்தில் நம்பாதீர்கள். வருவது பெரும்பாலும் அடர்த்தியான, ஒழுங்கற்ற மெஷ். அதைத் திருத்தத் தெரிய வேண்டுமானால் முதலில் மேலே சொன்னது எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

மனித உருவத்தைக் கடைசிக்கு வையுங்கள். வரும்போது அடோபியின் மிக்சாமோ இணையதளம் இலவசமாக எலும்பு பூட்டித் தரும், கை விரித்து நிற்கும் உருவமாக ஏற்ற வேண்டும். பிளெண்டரில் நீங்களே ரிக் செய்து (எலும்பு பூட்டி) எஃப்பிஎக்ஸ் அனுப்பினால் "ஆட் லீஃப் போன்ஸ்" டிக்கை எடுத்துவிடுங்கள், "ஒன்லி டிஃபார்ம் போன்ஸ்" டிக் போடுங்கள். ஒரு புள்ளியை நான்கு எலும்புகளுக்கு மேல் பிடித்திருக்க விடாதீர்கள். ஐந்தாவதைப் பல எஞ்சின்கள் கழற்றிவிடும், தோள்பட்டை கோணலாகும்.

முதல் நாளில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு வெறும் கனசதுரம், அதன் ஆறு பக்கத்திலும் 1 முதல் 6 வரை எண் எழுதிய ஒரு படம். அதை எக்ஸ்போர்ட் செய்து கேமுக்குள் கொண்டுபோய், எண்கள் சரியான பக்கத்தில் நேராகத் தெரிகின்றனவா, ஒரு மீட்டர் பெட்டி ஒரு மீட்டராக நிற்கிறதா என்று பாருங்கள். பாதை, அச்சு, அளவு, டெக்ஸ்சர் நான்கிலும் உள்ள தவறு இந்தப் பத்து நிமிட வேலையிலேயே வெளிப்பட்டுவிடும். விளக்கை இரண்டு வாரம் செதுக்கிய பிறகு அதே தவறைத் தேடினால் எங்கே என்று பிடிபடாது.

கோப்புப் பெயரைத் தமிழில் வைக்க ஆசைப்படாதீர்கள். மைன்கிராஃப்ட் ரிசோர்ஸ் பேக்கில் ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், அடிக்கோடு, இணைப்புக்கோடு, புள்ளி மட்டுமே செல்லும். ஒரு பெரிய எழுத்தோ ஓர் இடைவெளியோ இருந்தாலும் பொருள் கருப்பு ஊதாவாகிவிடும். கோடோவுக்கும் அதே முறையிலேயே பெயர் வைத்துப் பழகுங்கள். விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்க்காது, ஆண்ட்ராய்டு பார்க்கும். லேப்டாப்பில் ஓடிய கேம் போனில் படங்கள் இல்லாமல் திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.